நாற்பத்து மூன்று கிடாக்களின் எலும்புகள்

ஏசுவடியான் தொடர்ந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையாக வேதக்கோயிலுக்குப் போகவில்லை. பாளையங்கோட்டையில் இருக்கிற அவன் தாயாருக்கு இது தெரிந்திருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பாள். என்ன செய்வது? சங்கரன்கோவிலுக்கு மேற்கே நாலு மைல் தள்ளி, மேலக்கரைப்பட்டிக் கரிசலில், கூடாரத்துக்குள் சாக்கை விரித்து ஆட்டெலும்பைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கிழமையாவது ஒன்றாவது. காலையில் கொண்டுவந்து வைத்த தூக்குவாளி வைத்த இடத்திலேயே இருந்தது. எறும்புதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

சுதந்திரம் வந்த பிறகு இரண்டாவது சித்திரை மாதம் அது. ஏசுவடியான் ஒரு கல்லூரியில் விலங்கியல் மாணவர்களுக்குத் தவளையையும் கரப்பானையும் அறுத்துக் காட்டுகிற டெமான்ஸ்ட்ரேட்டர். வயது இருபத்தொன்பது. கோடை விடுமுறையில் சும்மா இருக்காமல், பழைய ஊர்களைத் தோண்டிப் பார்க்கிற ஒரு குழுவுக்கு எலும்பு பிரித்துக் கொடுக்க வந்திருந்தான். மாமன் மகள் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு சந்தோஷமாகப் போனவன் இல்லை.

தோண்டின இடத்துக்குச் சில்லுமேடு என்று பெயர். ஊர்க் குளத்துக்குத் தெற்கே இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு மேடு. மழை பெய்தால் போதும், கறுப்பும் சிவப்புமாய்ப் பானைச் சில்லுகள் மேலே வந்து கிடக்கும். ஊர்ப் பெண்பிள்ளைகள் பாண்டி விளையாட அங்கேதான் சில்லு பொறுக்குவார்கள். அந்தச் சில்லுக்கு இரண்டாயிரம் வருஷத்துக்குக் குறையாது என்று ஆபீசர் சொல்லிவிட்டார். கரிசல் மண் எலும்பைத் தின்று செரிக்காமல் பத்திரமாக வைத்திருந்தது. இரண்டு குழி தோண்டினதற்கே ஏழு சாக்கு எலும்பு வந்திருந்தது.

ஆபீசர் என்றால் சங்கரசுப்புப் பிள்ளை. ஐம்பது வயது. பானை ஓட்டை வெயிலில் ஒரு திருப்புத் திருப்பினால் அதன் பூர்வீகத்தையே சொல்லிவிடுவார். கெட்டிக்காரர், நியாயஸ்தர், கொஞ்சம் முன்கோபி. பரம்பரைச் சைவம். மாமிசம் வேகிற தெரு வழியாகப் போகவேண்டி வந்தால் சுற்றிக்கொண்டு போகிறவர். அப்பேர்ப்பட்ட மனிதர்தான் இப்போது ஆட்டெலும்பை வைத்து ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. விதி அப்படித்தான் விளையாடும்.

விஷயம் இதுதான். ஐப்பசி மழையில் மேலக்கரைக் குளத்தின் கரை உடைந்துபோயிருந்தது. அதை அடைக்க மண் வேண்டும். பக்கத்திலேயே மேடாகக் கிடக்கிற சில்லுமேட்டை விட்டால் தோதான மண் எது? மராமத்து ஓவர்சியர் எழுதிக் கேட்டிருந்தார். மேலிடத்திலிருந்து பிள்ளைக்குக் கடிதம் வந்தது. இது ஜனங்கள் குடியிருந்த இடமா, இல்லையா? குடியிருப்பு என்றால் இன்னும் மூன்று மாதம் தோண்டலாம், யாரும் கை வைக்க மாட்டார்கள். குடியிருப்பு இல்லை, எப்போதோ வந்துபோன இடம் என்றால் தோண்டினது போதும், மண்ணை அள்ளிக்கொள்ளட்டும். அடுத்த வாரத்துச் சனிக்கிழமைத் தபாலில் பதில் போக வேண்டும். திங்கட்கிழமை மாட்டுவண்டிகள் வந்துவிடும்.

இரண்டு குழியிலும் சுவர் இல்லை, தரை இல்லை, அடுப்பு இல்லை. சாம்பலும் சில்லும் எலும்பும்தான். அந்த எலும்பிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. வலதுபக்கக் கீழ்த்தாடை முப்பத்தொன்று கிடைத்தது. ஆட்டுக்கு வலதுதாடை ஒன்றுதான், ஆகவே ஆகக் குறைந்தது முப்பத்தொரு ஆடு. முன்னங்காலின் மேலெலும்பு ஆட்டுக்கு இரண்டு, அப்படியானால் அறுபத்திரண்டு இருக்க வேண்டும். அந்த எலும்புக்கு ஒரு முனை தோளில் சேரும், மறுமுனை முழங்கையில் சேரும். முழங்கை முனை நாற்பது கிடைத்தது. தோள் முனை ஒன்றே ஒன்று. ஏழு சாக்கையும் தலைகீழாகக் கொட்டித் தேடியாகிவிட்டது. ஒன்றே ஒன்றுதான்.

பிள்ளை அன்று மதியம் கூடாரத்துக்கு வந்து, எழுதப்போகிற பதிலை வாசித்துக் காட்டினார். தோளைத் தனியாக வெட்டி எடுத்து எங்கேயோ படைத்திருக்கிறார்கள். இது பலி கொடுக்கிற மேடு. வருஷத்துக்கு ஒருமுறை வந்து வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். குடியிருந்தவன் எவனும் இல்லை.  நாய் தின்றிருக்கும் சார் என்று ஏசுவடியான் மெல்லச் சொன்னான்.

பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நாயி கணக்குப் பாத்தாவே திங்கும்? தோளுன்னா வேணும், முழங்கைன்னா வேண்டாம்னு ஒதுக்கி வைக்குமோ?"

ஏசுவடியானுக்குக் காரணம் தெரியும். தோள் முனை உள்ளே கடற்பஞ்சு மாதிரி இருக்கும். இளம் ஆடென்றால் இன்னும் இளசு, அத்தனையும் கொழுப்பு. முழங்கை முனை கல். ஒரு கறிக்குழம்பாவது ருசித்துச் சாப்பிட்டவனுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். தோள் எலும்புக்காக ஏசுவடியான் தன் தங்கச்சியோடு மயிரைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கிறான். ஆனால் ஜென்மத்தில் ஒரு எலும்பைக் கடித்தறியாத மனிதரிடம் நாக்கு கண்ட ஞாயத்தை எப்படி எடுத்து வைப்பது? பிள்ளையே வழி சொன்னார். உம்ம வாய்ப்பேச்சு வேண்டாம், எண்ணிக்கை காட்டும், காட்டினால் என் கையாலேயே மாற்றி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுத் திருநெல்வேலிக்குக் கிளம்பிப் போனார். அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பி வருவதாக ஏற்பாடு.

எண்ணிக்கைக்கு எங்கே போவது என்று ஏசுவடியான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் ஊருக்குள் மேளம் கேட்டது. மேலக்கரைப்பட்டி மாடசாமி கோயிலில் கொடைத் திருவிழாவுக்குக் கால்நாட்டியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை கொடை, புதன்கிழமை கிடாவெட்டு. அவன் அப்படியே துள்ளி எழுந்தான். எத்தனை கிடா வெட்டினார்கள் என்பது ஊருக்கே தெரியும். தின்றது யார் என்று தெரியும், நாய் எத்தனை என்று தெரியும். எட்டு நாள் கழித்து மிஞ்சின எலும்பை எண்ணிவிட்டால் எந்த எலும்பு நிற்கும், எது போகும் என்று ஊர்ச் சாட்சியோடு காட்டிவிடலாமே! செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான்.

ஊர்ப் பெரியவர் பெருமாள்சாமி பந்தலில் நின்றுகொண்டிருந்தார். வேதக்கார வாத்தியார் மூச்சிரைக்க ஓடிவருவதைப் பார்த்ததும் கொடையை நிறுத்தத்தான் ஏதோ உத்தரவோடு வருகிறார் என்று அவர் முகம் கறுத்துவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் இன்னும் கறுத்தது. எலும்பை எண்ணுவதற்கு ஒரு படிப்பா? பந்தலுக்குப் பின்னால் மெழுகிக்கொண்டிருந்த பேச்சித்தாய் என்ற பெண்பிள்ளைதான் முதலில் சிரித்தாள். அவள் சிரித்ததும் எல்லாரும் சிரித்தார்கள், பெருமாள்சாமியும் சிரித்துவிட்டார். அதோடு அனுமதி கிடைத்தது. அன்றைக்கே அவனுக்கு எலும்பு வாத்தியார் என்று பேரும் வைத்தாகிவிட்டது.

அவன் வீடு வீடாகப் போய்ச் சொன்னான். எப்போதும் போலச் சமையுங்கள், எப்போதும் போலச் சாப்பிடுங்கள், எப்போதும் போல எறியுங்கள். நாயைக் கட்டிப்போட வேண்டாம். எட்டாம் நாள் காலையில் வீட்டைச் சுற்றியும் குப்பைக்குழியிலும் கிடக்கிற எலும்பை எல்லாம் ஓலைப்பெட்டியில் அள்ளிக்கொண்டு வாருங்கள். இத்தோடு வாயை மூடியிருந்தால் மனிதன் பிழைத்திருப்பான். சந்தோஷம் தாங்காமல் கடைசியில் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னான், "எவ்வளவு கூட வருதோ அவ்வளவு நல்லது" என்று. அந்த ஒரு வார்த்தைதான் அவனைப் போட்டுப் பார்த்தது.

புதன்கிழமை கிடாவெட்டு. ஒரு கிடாவுக்கு ஒரு மாலை என்று பூக்கட்டுகிறவர் கட்டிக் கொடுத்திருந்தார். நாற்பத்து மூன்று மாலை, நாற்பத்து மூன்று கிடா. ஏசுவடியான் ஆலமரத்து வேர் மேல் ஏறி நின்று, ஒவ்வொன்றாக நோட்டில் கோடு போட்டான். எல்லாம் ஒன்று, ஒன்றரை வயசுக் கிடாக்கள். பல்லைப் பார்த்து அதையும் எழுதிக்கொண்டான். ஆக, முன்னங்கால் மேலெலும்பு எண்பத்தாறு. எண்பத்தாறு தோள், எண்பத்தாறு முழங்கை, ஒன்று குறையாமல் இந்த ஊருக்குள் நுழைந்திருக்கிறது. இனி என்ன ஆகும் என்று பார்ப்போம் என்று அவனுக்குக் கைகால் பரபரத்தது.

மூன்று வீட்டில் சாப்பிட்டான். விட்டால்தானே. நாலாவது வீட்டில் இலை போட்டபோது தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடிவந்துவிட்டான். அன்று சாயங்காலம் தொடங்கி நோட்டும் கையுமாக நாய்களுக்குப் பின்னாலேயே திரிந்தான். ஊரில் பதினெட்டு நாய். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். பேச்சித்தாய் வீட்டுச் செவலை நாய்க்கு நம்பர் ஏழு. அது ஒரு மேலெலும்பை முன்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, முழங்கைப் பக்கத்தை இரண்டு கடி கடித்துப் பார்த்துச் சலித்துப்போய், எலும்பைத் திருப்பிப் போட்டது. தோள் முனையைக் கடைவாயில் கொடுத்து முறுக்கு கடிக்கிற மாதிரிக் கடித்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தோள் இருந்த இடத்தில் வெறும் குழல்தான் இருந்தது. ஏசுவடியான் குப்பைக்குழியின் விளிம்பில் நின்று கையைத் தட்டிக் குதித்தான். அந்தப் பக்கம் போன இரண்டு பேர் வாத்தியாருக்குக் கொடைச் சாமி இறங்கிவிட்டதோ என்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த எட்டு நாளும் அவனுக்குத் தரையில் கால் பாவவில்லை. ராத்திரி படுத்தாலும் கணக்குத்தான் ஓடியது. சில்லுமேட்டில் கிடைத்த எலும்பு அந்த ஜனங்கள் தின்ற ஆட்டின் கணக்கு அல்ல, மிஞ்சியதன் கணக்கு. எது எவ்வளவு மிஞ்சும் என்று தெரிந்துவிட்டால், இல்லாமல் போனதையும் எண்ணிவிடலாம். கண்ணால் காணாததை எண்ணுவது! இதை நினைக்கிறபோதெல்லாம் அவனுக்கு உடம்பு சிலிர்த்தது.

எட்டாம் நாள், வியாழக்கிழமை காலை, பெட்டிகள் வந்தன. கூடாரத்து முன்னால் நாற்பது பெட்டிக்கு மேல் வரிசையாக இறங்கிவிட்டது. பெண்பிள்ளைகள் ஒருத்தி பெட்டியை ஒருத்தி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெட்டிகள் நிரம்பியிருந்ததைப் பார்த்து ஏசுவடியான் ஒரு விநாடி யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, எண்ண உட்கார்ந்தான். அது இரண்டாவது தப்பு.

முதலில் வலதுதாடை. முப்பது வந்தது. நாற்பது வந்தது. நாற்பத்து மூன்று வந்தது. சாக்கில் இன்னும் தாடை கிடந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணினான். ஐம்பத்தேழு. வெட்டின கிடா நாற்பத்து மூன்று, வலதுதாடை ஐம்பத்தேழு! ஒரு ஆட்டுக்கு ஒன்றேகால் தாடை வைத்துப் படைத்த கடவுள் யார்? தோள் முனையைத் தேடினான். ஒன்றுகூட இருக்காது என்று நம்பியிருந்தவன் முன்னால் பதினொன்று கிடந்தன. முழங்கை முனை எண்பத்து மூன்று.  இந்தக் கணக்கைப் பிள்ளையிடம் கொண்டு காட்டுவதற்குக் குளத்திலே விழலாம். குளத்திலும் தண்ணீர் இல்லை.

நேரே பேச்சித்தாய் வீட்டுக்குப் போனான். ஏழாம் நம்பர் நாய் வாலை ஆட்டியது. உங்கள் வீட்டில் ஒரு கிடாதானே வெட்டினீர்கள், பெட்டியில் எப்படி அவ்வளவு எலும்பு என்று கேட்டான். அவள் முந்தானையைத் திருகினாள், வாசலைப் பார்த்தாள், பிறகு உடைத்துச் சொன்னாள்.

"எங்க வீட்டு நாயி மூணே மூணு எலும்பைத்தான் மிச்சம் வச்சுது, ஐயா. நீங்க கூட வந்தா நல்லதுன்னு ஆசையாக் கேட்டீக. மூணு எலும்பைப் பெட்டியில போட்டு ஊரு முன்னால எப்படிக் கொண்டாருவேன்? மேலவீட்டுக்காரி என்ன பேசுவா? சங்கரன்கோவிலுக்குப் போயி மம்மது பாய் கடையில ரெண்டு கை அள்ளிட்டு வந்தேன். வேற யாரும் செய்யலை, நான் ஒருத்திதான்."

அவள் ஒருத்தி இல்லை என்பது மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. அடுத்த வீட்டில் கேட்டால் அங்கேயும் அதே கதை, அங்கேயும் நான் ஒருத்திதான். பதினாறு வீட்டுக்காரர்கள், ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமல், ஆளுக்கொரு சாக்குச் சொல்லிச் சங்கரன்கோவில் போய் வந்திருக்கிறார்கள். கொடைக்குக் கிடா வெட்டின வீட்டுப் பெட்டி குறைவாகப் போனால் அது குடும்பத்துக்குக் குறைவல்லவா? அவர்கள் மேல் கோபப்படவும் அவனால் முடியவில்லை. கேட்டதற்கு மேலே கொடுத்த ஜனங்கள் மேல் எப்படிக் கோபப்படுவது? தன் வாயை நினைத்துத்தான் அழுகை வந்தது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு மிதித்தான். மம்மது பாய் சந்தைக்குப் பின்னால் கறிக்கடை வைத்திருந்தார். உரத்துக்கு எலும்பு வாங்குகிறவன் வண்டி வரும்வரை கழிவெலும்பெல்லாம் கடைக்குப் பின்னால் குவிந்து கிடக்கும். ஏசுவடியான் சொல்லி முடிக்கிறதுக்குள் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். இந்த வாரம் மேலக்கரைப்பட்டிக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் நாய் வளர்க்க ஆசை வந்துவிட்டது என்றல்லவா நான் நினைத்தேன் என்றார். பிறகு எதிரே நிற்கிறவனின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திக்கொண்டார். எலும்பு கலந்துபோனால் என்ன, எது என் கடை எலும்பு என்று எனக்குத் தெரியாதா என்று அவர் கேட்டபோது ஏசுவடியானுக்குப் போன உயிர் பாதி திரும்பியது.

"என் கத்தி மூட்டுக்குள்ள போகும், வாத்தியாரே. எலும்பு மேல ஏறாது. பட்டிக்காட்டு அருவா எலும்பு மேலதான் விழும். ஜும்மா முடிஞ்சதும் வாரேன். ஒரு பாய் மட்டும் விரிச்சு வையும்."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து இரண்டு மணிக்கு மம்மது பாய் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு எலும்பாக எடுத்தார், வெயிலில் திருப்பினார், கட்டை விரலால் ஒரு தடவு தடவினார், வலது பக்கமோ இடது பக்கமோ போட்டார். மூட்டைச் சுற்றி மெல்லிய கோடு இருந்தால் அவருடையது. குறுக்கே வெட்டுப்பட்டுச் சிதைந்திருந்தால் ஊருடையது. தாடைக்கு அதைவிடச் சுலபமான அடையாளம் இருந்தது. மேலக்கரைப்பட்டியில் தலையைத் தீயில் வாட்டித்தான் மயிரைக் கருக்குவார்கள், முன்பல்லும் தாடை நுனியும் கறுத்துப்போகும். மம்மது பாய் தலையைத் தோலுரித்தே கொடுக்கிறவர். அவர் கடைத் தாடையில் கருகல் இருக்காது.

செய்தி பரவி ஊரே கூடிவிட்டது. பதினாறு வீட்டுக் குட்டும் வெளிப்பட்டுவிட்டதால் வெட்கப்பட யாரும் மிச்சமில்லை. மேலவீட்டுக்காரியும் பேச்சித்தாயும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அது பாய் கடை எலும்பு, இது நம்ம ஊர் எலும்பு என்று ஏலம் போட ஆரம்பித்தார்கள். இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் சங்கரசுப்புப் பிள்ளை வில்வண்டியிலிருந்து இறங்கினார். ஏசுவடியான் எழுந்து நின்று, நடந்த தப்பை ஒன்றுவிடாமல் சொன்னான். மறைத்திருந்தால் அவன் ஏசுவடியான் இல்லை.  பிள்ளை காற்றடிக்கிற திசையைப் பார்த்து, எலும்பு வாடை வராத பக்கமாக ஒரு நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தார்.

தாடை முடிந்தது. ஐம்பத்தேழில் மம்மது பாய் கடையது பதினாறு. மிச்சம் நாற்பத்தொன்று. நாற்பத்து மூன்று கிடாவுக்கு நாற்பத்தொரு வலதுதாடை, இரண்டுதான் காணோம். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பிள்ளை நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டார். முழங்கை முனை எண்பத்து மூன்றில் கடையது இருபத்தேழு போக ஐம்பத்தாறு. பிள்ளை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டார். இப்போது அவருக்கு வாடை அடிக்காத தூரம் இல்லை.

தோள் முனை பதினொன்றும் தனியாக ஒரு இலையில் இருந்தன.  மம்மது பாய் ஒன்றை எடுத்தார், என் கடையது என்றார். இரண்டாவதும் என் கடையது. மூன்று, நாலு, ஐந்து. பத்துவரை அவருடையதாகவே போய்க்கொண்டிருந்தது. பதினோராவதைக் கையில் எடுத்தவர் நிறுத்திவிட்டார். வெயிலில் பிடித்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"இது அருவா வெட்டு. எங்க கடை எலும்பு இல்லை."

ஒன்று மிஞ்சிவிட்டது. எண்பத்தாறில் ஒன்றுதான், ஆனாலும் ஏன் இது மட்டும் மிஞ்சியது? நாய் தின்னும் என்றால் இதையும்தானே தின்றிருக்க வேண்டும்? பிள்ளை கேட்கப்போகிற கேள்வி இதுதான் என்று ஏசுவடியானுக்குத் தெரிந்துபோனது. பிள்ளை அதையே கேட்டார்.  பெருமாள்சாமி துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்தார், திரும்பவும் தோளில் போட்டார். கடைசியில் தொண்டையைக் கனைத்தார்.

அது தம் வீட்டு எலும்பாக இருக்கும் என்றார். கொடையன்று அவர் வீட்டு நாய் மேளக்காரர் காலைப் பிடித்துவிட்டது. அதனால் எட்டு நாளும் தொழுவத்தில் கட்டித்தான் வைத்திருந்தாராம். அவர் வீட்டு முள்வேலிக்குள் வேறு நாயும் நுழையாது. வாத்தியார் கட்டக்கூடாது என்று சொல்லியும் கட்டிவிட்டதை வெளியில் சொல்லவில்லை. ஊருக்கு ஒரு ஞாயம் தனக்கு ஒரு ஞாயமா என்று பேச்சித்தாய் அவரைப் பார்த்த பார்வையில் பெரிய மனிதர் நெளிந்தார். ஒரு கிடாவுக்குத் தோள் முனை இரண்டாயிற்றே, இன்னொன்று எங்கே என்று ஏசுவடியான் விடாமல் கேட்டான்.

"அதை நான்தான் கடிச்சுத் தின்னேன்" என்றார் பெருமாள்சாமி.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. சிரிக்காதவர் பிள்ளை ஒருத்தர்தான். அவர் ஏசுவடியான் கையிலிருந்த நோட்டை வாங்கிக்கொண்டார். பென்சிலை நாக்கில் தொட்டுக் கணக்குப் போட்டார். எண்பத்தாறு முழங்கையில் ஐம்பத்தாறு மிச்சம், நூற்றுக்கு அறுபத்தைந்து. சில்லுமேட்டில் அறுபத்திரண்டில் நாற்பது. அதைப் போட்டுப் பார்த்தார். நூற்றுக்கு அறுபத்தைந்துக்கு அரைதான் குறைவு. அடித்துவிட்டு இன்னொரு பக்கத்தில் மறுபடி போட்டார். மறுபடியும் அதேதான் வந்தது. தோள் முனை இங்கே எண்பத்தாறில் ஒன்று, அங்கே அறுபத்திரண்டில் ஒன்று. நாயைக் கட்டிப்போட்ட ஒரே வீட்டில்தான் தோள் மிஞ்சியது. பென்சில் அந்த இடத்திலேயே நின்றது.

 வண்டிகள் வருமா வராதா என்பது அந்தப் பென்சில் நுனியில் இருந்தது. பிள்ளை தலையை நிமிர்த்தியபோது அவர் கண்ணில் அவன் இதுவரை பார்க்காத ஒரு வெளிச்சம் இருந்தது. பானை ஓட்டைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

"ஏசுவடியான், பலி கொடுக்க வந்துட்டுப் போறவன் நாயைக் கூட்டிட்டா வருவான்? நாய்க்கு வருஷம் பூரா சோறு போட ஆள் வேணும்லா. எலும்பைத் தின்ன நாயி இருந்திருக்கு. அப்போ அதுக்குச் சோறு வச்ச வீடு இருந்திருக்கு. நாம தோண்டினது வீட்டை இல்ல, வே. அவனுக குப்பைக்குழியை."

அவ்வளவுதான், ஏசுவடியானுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. சுவர் இல்லாததற்கும் தரை இல்லாததற்கும் அடுப்பு இல்லாததற்கும் அதுவே பதில். குப்பைக்குழியில் அடுப்பை எவன் வைப்பான்? இத்தனை நாள் எலும்பையே கட்டிக்கொண்டு அழுதவனுக்குத் தோன்றாதது, எலும்பையே கடித்தறியாதவருக்குத் தோன்றிவிட்டது. பொறாமைப்படக்கூட நேரமில்லை. வீடு எந்தத் திசையில் இருக்கும், காற்று எங்கிருந்து அடிக்கும், குப்பையை எந்தப் பக்கம் கொட்டுவார்கள் என்று இரண்டு பேரும் அந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்து மண்ணில் கோடு கிழிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மம்மது பாயும் பெருமாள்சாமியும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பேச்சித்தாய் சொன்னதுதான் சரியாகப் பட்டது. மேல்காற்று அடிக்கிற ஊரில் எவளும் வீட்டுக்கு மேற்கே குப்பையைக் கொட்டமாட்டாள், ஆகவே வீடு மேட்டுக்கு மேற்கேதான் என்றாள்.

சனிக்கிழமைத் தபாலில் பிள்ளையின் பதில் போனது. பழைய தாளை அவரே கிழித்துப் போட்டுவிட்டு மூன்று பக்கம் புதிதாக எழுதியிருந்தார். ஆனால் தபாலுக்கு இரண்டு நாள் போதுமா என்ன? திங்கட்கிழமை காலை இருபது மாட்டுவண்டி கடகடவென்று வந்து சில்லுமேட்டின் அடியில் நின்றுவிட்டது. முதல் வண்டியிலிருந்து ஓவர்சியர் குதித்தார். மண்வெட்டிக்காரர்கள் மேட்டில் ஏறத் தொடங்கினார்கள். ஏசுவடியான் பதறிப்போய் ஓடினான். அவனுக்கு முன்னால் பிள்ளை ஓடிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலில் செருப்பில்லாமல்.

மேட்டின் உச்சியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். ஓவர்சியர் காகிதத்தை நீட்டினார். உத்தரவு இருக்கிறது, இது வெறும் மேடு என்றுதானே பேச்சு என்றார். குளத்துக்குள்ளேயே மூன்றடிக்கு வண்டல் கிடக்கிறது, அதை அள்ளிக் கரையில் போட்டால் கரையும் எழும்பும் குளமும் ஆழமாகும் என்று பெருமாள்சாமி கீழேயிருந்து குரல் கொடுத்தார். ஓவர்சியர் அதைக் காதில் வாங்கவில்லை. பிள்ளை அவர் காகிதத்தைத் தொடவே இல்லை.

"மேடுன்னு எவன்வே சொன்னான்? ஊரு. ஆளு இருக்கு, ஆடு இருக்கு, நாயி இருக்கு. ஆள் குடியிருக்குற வீட்டு மேல வண்டியைக் கொண்டு ஏத்துதீரே, உமக்கே நல்லாருக்கா?"

ஓவர்சியர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மேட்டைச் சுற்றிப் பார்த்தார். புல்லும் சில்லும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் தன்னையறியாமல் அவர் இரண்டு எட்டுப் பின்னால் எடுத்து வைத்தார், எவர் வீட்டுத் திண்ணையிலோ செருப்போடு ஏறிவிட்டது போல. வண்டிகள் ஒவ்வொன்றாகக் குளத்துப் பக்கம் திரும்பின. ஏசுவடியான் அளவுக்கயிற்றை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு மேற்கே போனான்.